மூக்கில் போன துவரை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டி வீக்கம் வடிந்ததா? தைலத்தை ஒழுங்காகத் தேய்க்கிறாயா? லெஸ்டரில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

வீட்டில் வைத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் அல்லவா, அதைச் சோதிக்க நாளை ஓர் அதிகாரி வருகிறார். நேற்றென்று பார்த்து, துவரங்காய் உரிக்கும்போது ஆர்ச்சிப் பயல் ஒரு மணியை மூக்கில் போட்டுக்கொண்டான். பயப்படாதே, ஒரே தும்மலில் வெளியே வந்துவிட்டது. அவன் அம்மாவிடம் சொன்னேன். விபத்து நோட்டிலும் எழுதினேன்.

அடுத்த தெருவில் பிள்ளை பார்க்கும் யூனிஸ் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமாடி உனக்கு? அந்தப் பக்கத்தைக் கிழி. காயை எல்லாம் ஒளிச்சு வச்சுட்டு நாலு பொம்மையப் பரப்பு. லைசென்ஸ் போச்சுன்னா என்னடி பண்ணுவ?"

"கிழிக்க மாட்டேன்க்கா. நாளைக்கும் உரிப்போம். வேணும்னா அந்த அதிகாரியம்மாவும் உக்காந்து உரிக்கட்டும்."

அதிகாரிக்குக் காட்ட ஒரு படிவம் நிரப்பினேன். என்ன ஆபத்து, அதற்கு நீ என்ன செய்வாய் என்று இரண்டு கட்டங்கள். துவரை, மாடிப்படி, குளியல் தொட்டி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் எழுதினேன்: நான் பக்கத்திலேயே இருப்பேன். இதைவிட நல்ல பதில் இருந்தால் அவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

அங்கே டொமினிக்காவிலிருந்து யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் ஜாதிக்காய் கொடுத்தனுப்பு. இங்கிலாந்தில் விற்பதில் வாசனையே இல்லை.

வாசலில் மணி அடிக்கிறது, பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நீ ஏணி போட்டுச் சீமைப்பலா பறிப்பதாகக் கேள்விப்பட்டேன். இனி ஏறாதே அம்மா. அந்த ஆபத்துக்கு எதிர்க் கட்டத்தில் எழுத என்னிடம் பதில் இல்லை.

உன் மகள்,
வெர்னெல்லா