ஆறு பத்துக்குப் பூட்டியிருந்த கதவு

2024 பெப்ரவரி 9, வெள்ளி

கவிசாவின் உபவாசம் இன்று தொடங்கியது. இருபது வயதுப் பிள்ளை. ஜெர்மனியில் ஹம் நகருக்கு வெளியே இருக்கும் இந்த ஜெப இல்லத்துக்கு வந்து ஒரு வருஷம்தான். டோர்ட்மண்டில் தாயிடம் திரும்பிப்போய்த் தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, செய்யப்போகிறாளாம். "ஐந்து நாள் மேல்மாடியில தனிய ஜெபிக்கட்டும், தேவன் வழி காட்டுவார்" என்றார் பாஸ்ரர் கிறிஸ்தோப்பர்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு மேல்மாடி அறைக் கதவுப் பூட்டின் திறப்பைத் தந்தார். "வேணுஜா, பிள்ளை நித்திரையான பிறகு பூட்டும். எழும்பமுன்னம் திறந்துவிடும். அவளுக்குத் தெரியவேண்டாம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கணவன் வெளியே தள்ளிய அன்று, ஸ்டேஷனில் நின்ற என்னைக் கூட்டிவந்து சோறு போட்டவர். அவரிடம் என்ன கேட்பது?

பெப்ரவரி 11, ஞாயிறு

பூட்டினேன், திறந்தேன். அவளுக்குத் தெரியவில்லை. சூப் கொண்டுபோனபோது, "அக்கா, உங்களை விட்டுட்டுப் போறதுதான் கவலை" என்றாள்.

பெப்ரவரி 13, செவ்வாய்

பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம் ஒன்றில் எங்களை இருத்தியிருக்கிறார்கள். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலை ஆறு பத்து. இல்லத்துக்குச் சமைக்க வரும் சியாமளா அக்காவும் நானும் குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தோம். முன்கதவு உடைந்து விழுந்தது. கறுப்பு உடுப்பு, தலைக்கவசம், "பொலிசை! பொலிசை!" மத்திய பொலிஸ். எங்களைத் தரையில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். பாஸ்ரரையும் இழுத்து வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்களின் பாஸ்போர்ட்டுகளைப் பறித்து வைத்து, சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறோம் என்று யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்களாம். என் பாஸ்போர்ட்டும் பாஸ்ரரின் அலுமாரிக்குள்தான்.

ஒரு பொலிஸ்காரி குனிந்து கேட்டாள்: மேலே யாராவது இருக்கிறார்களா?

பாஸ்ரர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல் என்பதுபோல் இலேசாகத் தலையசைத்தார். திறப்பு என் கவுன் பைக்குள் இருந்தது. மேல்கதவை நான் இன்னும் திறக்கவில்லை.

"நைன்" என்றேன். இல்லை.

அதுக்குப் பிறகுதான் அந்தச் சத்தம். முற்றத்தில். சீமெந்தில.

கடவுளே, நான் ஏன் இல்லையெண்டனான்?

பெப்ரவரி 14

கவிசாவுக்கு உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பும் இரண்டு குதிக்கால்களும் நொருங்கிவிட்டன.

பெப்ரவரி 16, வெள்ளி

பாஸ்ரரை விட்டுவிட்டார்கள். அவர் எங்கள் எல்லோரையும் சியாமளா அக்கா வீட்டில் கூட்டினார். "பொலிஸ் கதவை உடைச்சது. பிள்ளை பயத்தில குதிச்சது. இது பொய்யோ? இல்லைத்தானே. நடந்ததை நடந்தபடி எல்லாரும் சொல்லுங்கோ. பத்திரிகைக்காரரும் வருவினம்."

பொய்யில்லை. பொலிஸ்காரரின் துவக்கு முதுகில் முட்டியதும், சியாமளா அக்கா பயத்தில் உடுப்போடு சிறுநீர் கழித்ததும், யாரும் அவவுக்கு ஒரு துவாய்கூடக் கொடுக்காததும் பொய்யில்லை. எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் 'எல்லாம்' என்பது எதுவரை?

பெப்ரவரி 20, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவிசாவின் தாய் நேசமலர் அக்கா என் கையை விடவே இல்லை. "நீர்தானே அவளுக்குச் சாப்பாடு குடுத்துப் பாத்தனீர்."

கவிசா விழித்திருந்தாள். "சத்தம் கேட்டுக் கதவைத் திறக்கப் பாத்தனான் அக்கா. ஏலாமப் போச்சு. அவங்கள் கீழ உடைச்சதில இறுகிட்டுதாக்கும். கள்ளர் எண்டு நினைச்சன்."

நான் ஓம் என்றேன்.

ஓம் எண்டிட்டன். ரெண்டாவது தரம்.

மார்ச் 5

டோர்ட்மண்டில் பொலிஸ் விசாரணைக்கு டெர்மின், குறித்த நாள். மொழிபெயர்ப்பாளர் மதிசுதன் பக்கத்தில் இருந்தார். பத்து வருஷமாக முதியோர் இல்லத்தில் டொச்சு மொழி பேசி வேலை செய்கிறேன், ஆனால் இதைத் தமிழில்தான் சொல்ல முடிந்தது. கதவை உடைத்தது, துவக்கு, துவாய், பாஸ்போர்ட்டுகள். எல்லாம் எழுதி முடித்துப் பொலிஸ்காரர் பேனையை வைத்தார்.

"மேல்மாடிக் கதவைப் பூட்டினது நான்" என்றேன்.

மதிசுதன் உடனே மொழிபெயர்க்கவில்லை. "அக்கா, இதைச் சொன்னா உங்களிலயும் வழக்கு வரும். வக்கீல் வைச்சுப்போட்டுச் சொல்லுங்கோவன்?"

"நீங்கள் சொல்லுங்கோ தம்பி."

மார்ச் 6

கவிசாவும் தாயும் பொலிஸ் வாயால் அறியக்கூடாது என்று நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொன்னேன். நேசமலர் அக்கா அடிக்கவில்லை, ஏசவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றா, நான் வெளியே போகும்வரை. கவிசா சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

மார்ச் 11

சியாமளா அக்கா போனில்: "யூதாஸ்." அவ்வளவுதான். வைத்துவிட்டா.

ஜூலை 2

ஜெப இல்லத்தை விட்டு வந்த புது அறை. ஒரு ஜன்னல். ஜெபிக்க உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

2025 மே 14, புதன்

பாஸ்ரரின் வழக்கில் இன்று சாட்சி சொன்னேன். என் வழக்கு தனியாக நடக்கும். தலையசைத்ததைச் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தலையைத்தான் அசைத்தார், வாய் என்னுடையது. அதையும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த கவிசா ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

முடிந்து வெளியே வந்தால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. கவிசா ஊன்றுகோல்களோடு படித்தலைப்பில் நின்றாள். தாய் கார் எடுக்கப் போயிருந்தா. முதியோர் இல்லத்தில் பழகிய கால்கள். யோசிக்கமுன்னமே அவளுக்கு ஒரு படி கீழே இறங்கி நின்றுவிட்டேன், விழுந்தால் பிடிக்க.

"தள்ளி நில்லுங்கோ" என்றாள்.

இரண்டு படி இறங்கித் தள்ளி நின்றேன். அவள் இறங்கத் தொடங்கினாள், நானும் அதே இடைவெளியில் இறங்கினேன். ஆறாவது படியில் மூச்சு வாங்கியது. கால் நடுங்குவது தெரிந்தது. என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"அவ்வளவு தூரம் வேண்டாம்."

ஒரு படி மேலே ஏறினேன். பிறகு அவள் இறங்க இறங்க நானும் இறங்கினேன், அவளைப் பார்த்தபடி பின்னோக்கி, வாசல்வரைக்கும்.