போர்வையின் நான்கு மூலைகள்

அன்புத் தம்பிக்கு,

அப்பா சுகம் என்று எழுதினால் நம்பிவிடுவாய், அதனால் எழுதவில்லை.

இன்று ஞாயிறு பள்ளியில், நான்கு பேர் கூரையைப் பிரித்துத் கைகால் விளங்காத திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு இயேசுவின் முன்னால் இறக்கிய பகுதியை நடத்தினேன். அந்தக் காலத்துக் கூரை குச்சியும் மண்ணும்தான், பிரித்துவிடலாம் என்றேன். இயேசு கண்டது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தையும்தான் என்று விளக்கினேன்.

"டீச்சர், அதுல ஒருத்தர் வரலைன்னா?" என்றது ஒரு வாண்டு.

நல்லவேளை, மணியடித்தது.

வீட்டில், அப்பாவுக்கு அடியில் விரித்த போர்வையின் இரண்டு மூலைகளை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மற்ற இரண்டையும் நான் தூக்கித்தான் அப்பாவைப் புரட்டுகிறேன். என் இடுப்பைப் பற்றிக் கேட்காதே.

நேற்று அந்தக் கம்பியைப் பார்த்து அப்பா சொன்னார்: "கெட்டியாப் பிடிடா, சின்னவனே."

அது நீ இல்லை என்று நான் சொல்லவில்லை.

உன் அக்கா