செல்வி வாங்கிய மெஷின்

ஞாயிறு, இரவு

இதையெல்லாம் நான் அன்றே சொன்னேன். தங்கை மகள் செல்வி வெல்டிங் பட்டறையில் சேர்ந்த அன்றே, "இவ சொந்த மெஷின் வாங்குவா" என்று ஊரறியச் சொன்னவன் நான்தான். இரண்டு வருடச் சம்பளத்தைத் தபால் ஆபீசில் சேர்த்து, இன்று ராஜபாளையத்தில் மெஷினை வாங்கி, பஸ்ஸிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுவந்துவிட்டாள்.

முதல் வேலை எங்கள் வீட்டு கேட்.

"தள்ளி நில்லுங்க மாமா, வெறுங்கண்ணால பாக்காதீய."

"ஏட்டி, சூரியனையே முறைச்சுப் பாத்தவன் நான்!"

கிட்டே போய் வெல்டிங் பொறியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவே என்னைத்தான் பார்த்தது.

இப்போது கண்ணுக்குள் ஒரு லாரி மணல். உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி என் கண்ணில் வைத்துவிட்டு, "சூரியன் சௌக்கியமா மாமா?" என்று சிரிக்கிறாள். ஒரு வில்லையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். இப்படி ஒரு மருமகளைக் கொடுத்ததற்கு ஆண்டாளுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஒன்று மட்டும். அன்று நான் உண்மையில் சொன்னது, "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு நெருப்பு வேலை? ஒரு வாரம் தாங்க மாட்டா" என்பதுதான். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை. புது வில்லையோடு வருகிறாள், நோட்டை மூடிவிடுகிறேன்.