மோசெல் மலையில் சொன்ன பொய்

இஞ்சாருங்கோ, என் அன்பானவரே,

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு முகமில்லை. விளக்கேற்றும்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் ஏற்றுகிறேன்.

போன கிழமை நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். ஓம், நான்தான். ஹெல்காவோடு. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை மாதமும் தன் காரில் என்னை ஏற்றி இறக்கினாரே, எங்கள் மேல்வீட்டு ஜெர்மன் மனுசி ஹெல்கா, அவரோடு. அவர் ஒருநாள் கதவைத் தட்டி, "நீ சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். மோசெல் ஆற்றுப் பக்கம் போவோம். வைன் தோட்டக்காரர் ஒருவர் வீட்டு மாடியில் அறை வாடகைக்குக் கொடுக்கிறார்" என்றார். உங்கள் ஆட்டைத்திவசம், அந்த முதல் வருடத் திதிகூட, இன்னும் முடியவில்லை. ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது. மகனுக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்த இடத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? ஆறு வளைந்து வளைந்து போகிறது. இரண்டு கரையிலும் மலை. நிற்கவே பயமான சரிவில் திராட்சைக் கொடிகள், ஒவ்வொன்றும் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு. காலடியில் மண்ணைவிடக் கறுத்த கல் தகடுகள்தான் அதிகம், வெயிலில் சுட்டுக் கிடக்கின்றன. உச்சியில் அந்தக் காலத்துக் கோட்டை.

முதல்நாள் மாலை வீட்டுக்காரர் தன் வைனில் கொஞ்சம் ஊற்றித் தந்தார். நீங்கள் பியர் போத்தலைப் பல்கனியில் பூச்சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததற்கு நான் போட்ட சத்தமெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரு மிடறு குடித்தேன். புளித்தது. அடுத்த மிடறு அவ்வளவு புளிக்கவில்லை. கோபமோ?

மறுநாள் கோட்டைக்கு ஏறினோம். எழுபது தாண்டிய ஹெல்கா முன்னால் விறுவிறென்று நடக்க, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். மேலே மதிலோரம் நின்று கீழே பார்த்தபோது நல்ல காற்று. என்ன நடந்ததென்று தெரியவில்லை, எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெல்கா தன் வெயில் தொப்பியை என் தலையில் வைத்துப் படம் எடுத்தார். நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"பவானியக்கா! நீங்களே?"

திரும்பிப் பார்த்தால் கொலோன் நகரத்து ரஞ்சி, புருசனும் மகளுமாக. உங்கள் செத்தவீட்டில் குசினியை விட்டு வெளியே வராமல் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பிள்ளை. தொப்பியை இழுத்துக் கழற்றினேன்.

"ஆரோட அக்கா வந்தனீங்கள்?"

என் வாய் என்னைக் கேட்கவில்லை. "வேலைக்கு வந்தனான் பிள்ளை. இந்த மனுசிக்குத் தனிய நடக்க ஏலாது. நான்தான் கூட இருந்து பாக்கிறன். ஊர் சுத்துற நிலையிலயோ நான் இருக்கிறன்?"

"பாவமக்கா நீங்கள். இந்த வயசிலயும் வேலையோ!" ரஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஹெல்காவின் பக்கம் திரும்பி டொச் மொழியில், "நீங்கள் கொடுத்து வைத்தவர். எங்கள் அக்கா உங்களை நன்றாகப் பராமரிப்பார்" என்றாள்.

ஹெல்கா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் கசங்கிக் கிடந்த தொப்பியைப் பார்த்தார்.

"ஆமாம், இவள் இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம்" என்று சொல்லி, என்னிடம் கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்தேன். பிடிக்காமல் என்ன செய்வேன்? ரஞ்சி குடும்பம் வாசலைத் தாண்டும் வரை ஹெல்கா முழங்கால் மடியாதவர் போல மெல்ல மெல்ல நடந்தார். அவருடைய பாரம் ஒரு துளிகூட என் கையில் இறங்கவில்லை. அவர்கள் மறைந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

கொடிகளுக்கு நடுவால் இறங்கும்போது அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. பாதி வழியில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார்.

"அவளிடம் என்ன சொன்னாய்?"

சொன்னேன். எங்கள் வழக்கத்தையும் சொன்னேன். புருசன் போய் வருடம் ஆகவில்லை, தொப்பியோடு சிரித்தால் என்ன கதைப்பார்கள் என்றும் சொன்னேன்.

"என்னை நோயாளி ஆக்கியது பரவாயில்லை" என்றார் ஹெல்கா. "ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, அப்போது நான் யார்? சிநேகிதி என்று சொல்ல உங்கள் மொழியில் ஒரு சொல் இல்லையா?"

சொல் இருக்கிறது. எனக்குத்தான் அது வாயில் வரவில்லை. கடைசி நாட்களில், பேச்சே சிரமமாயிருந்த நேரத்தில், "ஹெல்காவ விட்டிடாதை, அவ எங்கட ஆள்" என்று என்னிடம் சொன்னீர்கள். நீங்கள் "எங்கட ஆள்" என்றவரை ஒரு நொடியில் சம்பளம் தருகிற முதலாளி ஆக்கிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அன்று மாலை அறையில் இருந்து ரஞ்சிக்குப் போன் எடுத்தேன்.

"ரஞ்சி, நான் பொய் சொன்னனான். அவவுக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை. அவ என்ரை சிநேகிதி. ரெண்டு பேரும் விடுமுறைக்குத்தான் வந்தனாங்கள்."



"ஏனக்கா எனக்குப் பொய் சொன்னனீங்கள்?" என்றாள் ரஞ்சி. "உங்களை அப்பிடிச் சிரிச்ச முகத்தோட கண்டது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே? அதைச் சொல்லத்தான் ஓடி வந்தனான். கதைக்கிற ஆக்கள் கதைப்பினம்தான். என்னையும் அவையோட சேர்த்திட்டியளே."

மன்னிச்சுக்கொள் பிள்ளை என்றேன். ஒரு பொய்யில் இரண்டு பேரை நோகடித்திருக்கிறேன்.

காலைச் சாப்பாட்டில் ஹெல்காவுக்கு விஷயத்தைச் சொன்னேன். பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே கேட்டார். "அப்படியென்றால் என் முழங்கால் சுகமாகிவிட்டதா?" என்றார். நான் சிரிக்கவில்லை, அழுதேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். முழுதும் மன்னித்துவிட்டாரா, தெரியாது. வீட்டுக்கு, வுப்பர்டாலுக்குத் திரும்பும் வழியில் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் பேசினார்.

அந்தக் காற்றில் சிரித்ததற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் முதலில் அந்தத் தொப்பிப் படத்தைக் காட்டு என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

மகன் சனிக்கிழமை பீலெஃபெல்டில் இருந்து வருகிறான். எங்கே போனேன், என்ன சொன்னேன் என்று ஒன்றும் விடாமல் அவனிடம் சொல்லுவேன். ஆட்டைத்திவசத்தன்று ஹெல்காவைக் கீழே கூட்டிவந்து, உங்கள் அக்காவுக்கும் தம்பிமாருக்கும் நடுவில் இருத்தி, எங்கட வீட்டு ஆள் என்று சொல்லிச் சாப்பாடு போடுவேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்லுவேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கட மனுசி,
பவானி