‘ம்’ என்ற மாலை

ஆகஸ்ட் 28

மழை. ஆட்டம் தொடங்கவே இல்லை. உடைமாற்றும் அறையில் நாள் முழுக்கச் சீட்டாட்டம். பிட்ச்சை மூடிய தார்ப்பாயின் மேல் ஒரு கடற்புறா போவதும் வருவதுமாக இருந்தது. அதன் ஒப்பந்தமும் என்னுடையதுபோல் அடுத்த மாதத்தோடு முடிகிறதோ என்னவோ.

செப்டம்பர் 2

கோச் ட்ரெகார்ன் கூப்பிட்டார். கார் நிறுத்துமிடத்தில் வைத்தே பேசினார். எங்கள் கவுண்டி அணியில் எல்லோருக்கும் தெரியும்: கெட்ட செய்தி என்றால் அவர் அறை. அரைகுறைச் செய்தி என்றால் கார் நிறுத்துமிடம்.

“அடுத்த வருஷத்துக்கு உன்னை வெச்சுக்கறதான்னு கிளப் இன்னும் முடிவு பண்ணல. உனக்காக நான் பேசுவேன். ஆனா வெறும் வாயால எவ்வளவு நேரம் பேசறது? ரன்னு குடு.”

“ஒரு நல்ல இன்னிங்ஸ் போதுமா?”

“போதும்னு சொல்லல. அதுகூட இல்லாம முடியாதுன்னு சொல்றேன்.”

சாவியைத் தேடுவதுபோல் பையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். சாவி கையிலேயே இருந்தது.

செப்டம்பர் 10

பதினொரு ரன். பந்து காலில் பட்டு அவுட்.

செப்டம்பர் 13

வீட்டில் ஹெப்வொர்த் மட்டும்தான். ஹெப்பி என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். அணியின் வேகப்பந்து வீச்சாளன். வாடகை வீட்டில் எனக்குப் பாதிப் பங்காளி. அவனுக்கு இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் இருக்கிறது. ரொட்டியில் பீன்ஸைக் கொட்டி, நின்றபடியே தின்றுகொண்டிருந்தான். நான் ஒரு தத்துவப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

“புரொபசரே, அந்தப் புஸ்தகத்துல அவுட்ஸ்விங்கர எப்படி ஆடணும்னு போட்டிருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குடா கண்ணைக் கெடுத்துக்கற?”

பல்கலைக்கழகத்தில் தயக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதை எழுத மூன்று வாரம் கொடுத்தார்கள். பந்து வந்து சேர அரை நொடி.

செப்டம்பர் 24

கடைசி ஆட்டம். சொந்த மைதானம். முதல் இன்னிங்ஸில் மூன்று ரன்.

இனி ஒன்றுதான் பாக்கி.

செப்டம்பர் 25

எழுதியே ஆக வேண்டும்.

மாலையில் எதிரணி ஆல் அவுட். எங்கள் இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கக் கொஞ்ச நேரமே மிச்சம். மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. தொடக்க ஆட்டக்காரன் கேப்டன் மார்லோதான். கால்காப்பைக் கட்டிக்கொண்டே, குனிந்தபடி கேட்டான்:

“விக்கெட் விழுந்தா நீயே போறியா, இல்ல ஹெப்பிய அனுப்பவா? உன் இஷ்டம்.”

நைட் வாட்ச்மேன். விசித்திரமான வழக்கம். இருட்டும் நேரத்தில் ஒழுங்கான ஆட்டக்காரனைப் பறிகொடுக்க வேண்டாம் என்று, மட்டை பிடிக்கத் தெரியாத ஒருவனை அவனுக்கு முன்னால் அனுப்புவது. அவன் அவுட் ஆனால் நஷ்டமில்லை. ஒழுங்கானவன் காலையில் நல்ல வெளிச்சத்தில் வருவான்.

மூன்றாவதாக இறங்க வேண்டியவன் நான். நான்தான் ஒழுங்கானவன்.

“ம்” என்றேன்.

அவ்வளவுதான். நீயா அவனா என்று கேட்டால் ‘ம்’ எப்படிப் பதிலாகும்? மார்லோ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பார்த்து, அவனே அர்த்தம் எடுத்துக்கொண்டான். தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஹெப்பி, மட்டைய எடு.”

“யாரோட மட்டைய? என்னுது ஓட்டை.” எல்லோரும் சிரித்தார்கள். கோச் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஒரு விக்கெட் விழுந்தது. ஹெப்பி போனான். மார்பில் ஒன்று, விரலில் ஒன்று வாங்கிக்கொண்டு நின்றான். அன்றைய ஆட்டம் முடிந்து படியேறி வரும்போது, “நாளைக்குக் காலைல போய்க் கண்ண மூடிட்டுச் சுத்தறேன். அஞ்சு நிமிஷத்துல உன் டர்ன் வந்துரும்” என்றான்.

பயந்தேனா? தந்திரம் என்றுதான் சொல்லிக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் — இல்லை. பயந்தேன்.

செப்டம்பர் 26

காலையிலிருந்து கால்காப்பு கட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன்.

ஹெப்பி கண்ணை மூடிக்கொண்டுதான் சுற்றினான். பந்து மட்டையில் பட்டது. ஸ்லிப்புக்கு மேலே பறந்தது, எல்லைக்குப் போனது. மறுபடி பட்டது. மறுமுனையில் மார்லோ கல்லாக நின்றான். கீழே பிளாஸ்கும் நாயுமாக வந்திருந்த பெரியவர்கள் ஒவ்வோர் அடிக்கும் கை தட்டினார்கள்.

மதிய உணவு இடைவேளையில் ஹெப்பி தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“டேய், நான் அவுட் ஆயிடட்டுமா?”

“என்னது?”

“ஒரு தூக்கு தூக்கினாப் போதும். நான் அப்படித்தான அவுட் ஆவேன், யாருக்கும் சந்தேகம் வராது. நீ போய் ஆடு.”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதே ‘ம்’. தொண்டை வரைக்கும் வந்தது.

“எனக்கென்ன தர்மம் பண்றியா? போய் ஒழுங்கா ஆடுடா.”

“நிஜமாத்தான் சொல்றியா?”

“உருளைக்கிழங்கத் தின்னு.”

இதை நல்ல மனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிற்பகல் நடந்ததையும் எழுதுகிறேன். தொண்ணூறைத் தாண்டியதும் அவன் ஒரு பந்தைத் தூக்கினான். நேராக மேலே போயிற்று. கீழே ஆள் நின்றுகொண்டிருந்தான். மைதானமே மூச்சைப் பிடித்தது. நான் எழுந்துவிட்டேன். கையுறை போட்டு, மட்டையை எடுத்து, படியில் ஒரு கால் வைத்தும் ஆயிற்று.

கேட்ச் நழுவியது.

“உட்காரு” என்றார் கோச். என் பக்கம் திரும்பாமலே.

ஹெப்பி சதம் அடித்தான். வாழ்க்கையில் முதல் சதம். ஹெல்மெட்டைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் பால்கனியைப் பார்த்து அதைத் தொப்பிபோல் ஆட்டினான். கை தட்டினேன். உள்ளங்கை எரியும்வரை தட்டினேன். அதில் எவ்வளவு அவனுக்கு?

அடுத்த ஓவர் முடிந்ததும் மார்லோ கையுறைகளைக் கழற்றினான். டிக்ளேர். எங்கள் இன்னிங்ஸ் அதோடு முடிந்தது.

படியில் என்னைக் கடக்கும்போது நின்றான். “நாளைக்கு மழைங்கறாங்க. இன்னைக்கே கொஞ்சம் விக்கெட் எடுத்தாகணும்.”

“தெரியும்.”

“நேத்து ஹெப்பி வேண்டாம்னு நீ சொல்லியிருந்தா…”

“தெரியும்.”

கால்காப்பின் பட்டைகளை அவிழ்த்தேன். வெள்ளையில் ஒரு புல் கறைகூட இல்லை.

செப்டம்பர் 27

மழை. டிரா.

செப்டம்பர் 30

கோச்சின் அறை.

அக்டோபர் 5

சாமான்களைக் காரில் ஏற்ற ஹெப்பி உதவினான். புத்தகப் பெட்டியைத் தூக்கும்போது மட்டும் திட்டினான். கடைசியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“உன் இடத்துல நான் அடிச்சிட்டேன்ல.”

“நீ உன் இடத்துலதான்டா அடிச்ச. நான்தான் என் இடத்துல இல்ல.”

“இப்படிப் பேசறதாலதான் உன்ன ஒருத்தனும் வெச்சுக்கறதில்ல.”

சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.

பிப்ரவரி 11

ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை. இப்போது நிஜமாகவே வாத்தியார்.

மே 13

வேறொரு கவுண்டியின் இரண்டாம் அணி. என்னைச் சோதித்துப் பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒப்பந்தம் கிடையாது. சட்டையில் பெயரும் கிடையாது.

மாலையில் மேகம் கவிந்து மைதானம் கறுத்தது. ஒரு விக்கெட் விழுந்தால் அடுத்து இறங்க வேண்டியவன் ட்ரெலோர். பத்தொன்பது வயது, கிளப் பெரிய நம்பிக்கை வைத்திருக்கும் ஆட்டக்காரன். கால்காப்போடு உட்கார்ந்து, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கேப்டன் அவனைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், பிறகு என்னிடம் வந்தான். அவனும் சின்னவன்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இவனுக்குப் பதிலா நீங்க போறீங்களா? இன்னைக்கு சாயங்காலத்துக்கு மட்டும்.”

நஷ்டமில்லாத ஆள். நியாயமான கணக்கு.

“ம்” என்றேன். இந்த முறை யாரும் என் முகத்தைப் பார்த்து அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

விக்கெட் விழுந்தது. போனேன். முதல் பந்து விலாவில். இரண்டாவது தெரியவே இல்லை. மூன்றாவதிலிருந்து, எப்படியென்று தெரியாது, பந்தின் தையல்வரைக்கும் தெரிந்தது. அவுட் ஆகாமல் திரும்பினேன்.

படியில் ட்ரெலோர் கால்காப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

“தேங்க்ஸ் அண்ணா. காலைல ரொம்ப நேரம் ஆட மாட்டீங்கல்ல?”

“நீ கால்காப்பக் கட்டிட்டு உக்காந்திரு.”

சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான்.