அனுப்பாத கடிதத்துக்குப் பதில்

சேசு மரி சூசை துணை

முட்டம்,
5.10.2008

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் செபிக்கிறேன். மெயில் இருக்கும்போது தபால்தலை ஒட்டி எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

வியாழக்கிழமை போனில், "அந்த ராஜகுமார் ஐஸ் கம்பெனி படத்த வரஞ்சு முடிச்சானா?" என்று கேட்டீர்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள். ஆனால் ராஜகுமார் என்ற பெயரை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. ஐஸ் கம்பெனியின் தகவல் போக்கைப் படமாக வரைகிற எம்.பி.ஏ. புராஜெக்டில் அவனையும் என்னையும் சேர்த்துப் போட்டதை மணவாளக்குறிச்சி ஸ்மிதாவுக்கு மட்டும்தான் மெயிலில் எழுதினேன். கேட்டால், "நான் யாருட்டயும் சொல்லல்ல மக்கா" என்று மாதா மேல் சத்தியம் செய்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட இருப்பவள். ஆனாலும் நம்ப முடியவில்லை. யார் சொன்னது என்று எழுதுங்கள், மனது ஆறும்.

நிச்சயத்துக்கு வந்தபோது கோட்டாறு பிரவுசிங் சென்டரில் எனக்கு மெயில் ஐ.டி. தொடங்கிக் கொடுத்து, உங்கள் பெயரையே பாஸ்வேர்டாக வைத்தீர்களே, அந்த நாளை நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள்
அபினா

ஷார்ஜா,
17.10.2008

அன்புள்ள அபினா மக்கா,

உன் கடிதம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தது மாதிரி இருந்தது. முட்டத்தில் ஒருத்தி தும்மினால் இங்கே எங்கள் ரூமில் கேட்கும். யார் சொன்னால் என்ன? ஸ்மிதாவை மட்டும் கொஞ்சம் தள்ளியே வை. அவள் வாய் சரியில்லை.

இப்போது நான் கேட்கிறேன், நீ சொல்லு. வியாபாரம் படிக்கப் போனவளுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? இருட்டுகிற வரை ஒரு பையனோடு உட்கார்ந்து கட்டம் கட்டமாக வரைவது என்ன படிப்பு? ரூமில் ரசலையன் அண்ணனிடம் சொன்னேன். "பெண்ணு ஒன்ன நல்லா பற்றிக்கா, ஏமாந்துராத" என்று சிரிக்கிறார்.

படிப்பு முடிந்து மே மாதம் கல்யாணம் என்று பேசியதை மாற்றிவிட்டேன். ஜனவரி 26. உன் அப்பாவுக்கும் சம்மதம். கடைசி பரீட்சையைக் கல்யாணத்துக்குப் பிறகு நீ எழுதலாம். இது என் வாக்கு.

உன் பிரபின்

முட்டம்,
14.12.2008

அன்புள்ள அத்தானுக்கு,

"எப்பம் கெட்டினா என்ன, கெட்டத்தானே போறிய" என்கிறார் அப்பா. பரீட்சை எழுதலாம் என்று நீங்கள் தந்த வாக்கை நம்பி நானும் தலையாட்டிவிட்டேன். அந்த வாக்கை மறந்துவிடாதீர்கள்.

என்ன படிப்பு என்று கேட்டீர்கள். ஐஸ் கம்பெனியில் எந்தத் தகவல் முதலாளிக்குப் போக வேண்டும், எது கிளார்க்கோடு நிற்க வேண்டும், யார் எதைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது, இதையெல்லாம் தீர்மானிக்கிற படிப்பு. அது தெரியாத முதலாளிக்குக் கம்ப்யூட்டர் வெறும் பெட்டிதான் என்பார் தேவகனி மேடம். எனக்கு இருக்கிற பாடங்களிலேயே இதுதான் பிடித்திருக்கிறது.

ஸ்மிதாவோடு இப்போது பேசுவதில்லை. பஸ்ஸில் அவள் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஜனவரி நாலாம் தேதி முதல் ஓலை. மூன்று ஞாயிறும் பூசையில் நம் இருவர் பெயரையும் வாசித்து, கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று ஃபாதர் ஊரைக் கேட்பார். நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. வேறொன்றும் விசேஷமில்லை.

உங்கள்
அபினா

ஷார்ஜா,
3.1.2009

அபினா,

வேறொன்றும் விசேஷமில்லையா? சென்னையில் உனக்கு வேலை கிடைத்தது விசேஷமில்லையா? 'எப்படிச் சொல்வேன், பயமாக இருக்கிறது' என்று எழுதத் தெரிகிறது, முகத்துக்கு நேரே சொல்லத் தெரியவில்லை. நான் என்ன பேயா பிசாசா? அந்த ராஜகுமாருக்கும் அதே கம்பெனியில்தானே வேலை? எனக்கு எல்லாம் தெரியும், கேட்டியா.

பரீட்சையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பிப்ரவரியில் உனக்கு விசா வந்துவிடும். இந்த மாதம் இருபதாம் தேதி வந்து இறங்குகிறேன். மீதியை நேரில் பேசலாம்.

பிரபின்

முட்டம்,
14.1.2009

பிரபினுக்கு,

நீங்கள் புறப்படுவதற்கு முன் கிடைக்க வேண்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

சென்னை வேலையைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்கே தெரியாது. ராஜகுமாருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. டிசம்பரில் கல்லூரி லேபில் உட்கார்ந்து உங்களுக்குத்தான் அந்த மெயிலை எழுதினேன். 'எப்படிச் சொல்வேன், பயமாக இருக்கிறது' என்று அதில் இருந்தது. அனுப்பத் தைரியம் வராமல் டிராஃப்டில் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். அனுப்பாத கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

பாஸ்வேர்டை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று வகுப்பில் முதலிலேயே சொன்னார்கள். உங்கள் பெயரை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

என் மெயிலைப் படித்ததைக்கூட ஒரு நாள் மறந்துபோவேன். படித்தது நீங்கள் என்று தெரிந்துகொண்டே ஸ்மிதாவைத் தள்ளி வைக்கச் சொன்னீர்களே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "வந்து நிக்கியே, சாயா குடிச்சியா?" என்று கேட்டாள். அடுக்களையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம்.

ஓலை வாசித்த இரண்டு ஞாயிறும் நான் பெண்கள் பக்கம் முன்வரிசையில்தான் இருந்தேன். தடை உண்டா என்று ஃபாதர் ஊருக்கு முன்னால் கேட்டார். கேட்க வேண்டியதை அப்படித்தான் கேட்க வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை.

இன்று காலை ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். நேற்றிரவு எல்லாவற்றையும் சொன்னதிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. ஆனாலும் கூடவே வந்து, ஃபாதர் தங்கும் மேடையின் வாசலில் நின்றார். தடை உண்டு என்று சொன்னேன். "யாருக்கு மக்கா?" என்று ஃபாதர் கேட்டார். "பெண்ணுக்கு" என்றேன்.

வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை வாசிக்க மாட்டார்கள்.

சி. அபினா