புல்மேட்டு முடிச்சுகள்

தென்காசி,
செப்டம்பர் 20

அன்புள்ள ஜஸ்டின் அண்ணனுக்கு,

உன் தங்கை ரூபி எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே ஒரு குறையும் இல்லை. துபாய் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். அதனால்தான் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும் பாண்டியராஜ் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். முழுசாகப் படி.

புளியறை மலைச்சரிவில் அப்பா விட்டுப்போன புல்மேட்டைப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொன்னாய், விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தும் போடச் சொன்னாய். ரிசார்ட் கட்டப் போகிறவர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்றாய். சனிக்கிழமை போனேன். சாரல் முடிந்த சமயம். இடுப்பளவு புல், அதற்குள் ஊதாவும் மஞ்சளுமாய்ப் பூ. காசித்தும்பை மட்டும்தான் எனக்குப் பெயர் தெரிந்தது. மற்றதெல்லாம் என்ன பூ அண்ணே? உனக்காவது தெரியுமா?

அங்கங்கே புல்லைக் கொத்தாகச் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். எவனோ நம் இடத்தை அளந்து அடையாளம் வைத்திருக்கிறான் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். வருஷாவருஷம் அங்கே மாட்டுக்குப் புல் அறுக்கும் முருகம்மாள் அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏட்டி ரூபி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? குருவிக்கூடு கெடக்க எடம்லா அது! அருவா படக்கூடாதுன்னு நேத்துதான் முடிச்சுப் போட்டுட்டுப் போனோம். இப்ப எங்கன போயித் தேட?" என்றாள்.

அறுப்பு நின்றுபோனது. வந்திருந்த பெண்கள் என்னை வைததைக் கடிதத்தில் எழுத முடியாது. கூடுகளைத் திரும்பக் கண்டுபிடிக்க, குருவி எங்கே இறங்குகிறது என்று பார்த்தபடி எல்லோரும் பாறையோரம் உட்கார்ந்தோம். வானம்பாடி ஒன்று வாயில் பூச்சியோடு வந்து இறங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே கூடு இல்லை! அப்புறம்தான் புரிந்தது, கள்ளி எட்டத்தில் இறங்கி, புல்லுக்குள்ளேயே நடந்து வீட்டுக்குப் போகிறாள். நாம் பார்க்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? முருகம்மாள் அக்காவைக் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும், அதுகிட்டயே கேளு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொழுது சாயும்வரை முட்டி தேயத் தவழ்ந்து தேடினோம். ஒரு காடைக்கூடு மட்டும் சிக்கவே இல்லை. அந்தப் பக்கம் இந்த வருஷம் அறுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வானம்பாடிக் கூட்டை நானே கண்டுபிடித்தேன். என் நிழல் பட்டதும் உள்ளே குஞ்சுகள் எல்லாம் வாயைத் திறந்தன. அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்திருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரிக்காதே.

அண்ணே, நான் கையெழுத்துப் போடவில்லை. ஜேசிபி ஏறினால் கூடு எது, புல் எது என்று பார்க்குமா? அப்பா அடக்கத்துக்குக்கூட உனக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்காக நான் உன்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவர் இடத்தை நீ வந்து பார்க்காமலே விற்பதற்கு என் மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஒரே ஒரு தடவை வந்து அந்தப் பாறையோரம் என் பக்கத்தில் உட்கார். அதற்குப் பிறகும் விற்கலாம் என்று நீ சொன்னால், அங்கேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வா அண்ணே.

கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் தங்கை
ரூபி